மூன்றடி மீன் தொட்டிக்கு வீட்டிலேயே மர ஸ்டாண்ட் செய்யலாமா?

ஏற்காட்டில் காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் சட்டம் கிடைக்கிறது, அதில் செய்தால் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாகக் காய்ந்த மரமென்றால் தாராளமாகத் தாங்கும். 3 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி என்றால் தண்ணீர் மட்டுமே சுமார் 190 கிலோ, கண்ணாடியும் கல்லும் வேறு, இவ்வளவும் ஸ்க்ரூவில் தொங்கக் கூடாது. மேல் சட்டம் நேராகக் கால்களின் தலைமேல் உட்கார வேண்டும். ஸ்க்ரூ விலகாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான். ஆடாமலிருக்க முதுகுப் பக்கம் பிளைவுட் அடித்துவிடுங்கள். பார்ட்டிகிள் போர்டு பக்கமே போகாதீர்கள், தண்ணீர் பட்டால் ஊதிவிடும். அங்கே பனிமூட்டம் வேறு, கால்களின் அறுத்த முனைதான் ஈரத்தை அதிகம் உறிஞ்சும், அதற்கு வார்னிஷ் இரண்டு கை கூடுதலாக அடியுங்கள். அப்புறம் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, தெர்மோகோல் விரித்துத் தொட்டியை ஏற்றுங்கள்.