போண்டா நினைப்பில் ஒரு சாமியார்

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு வயது 43. திருப்பூரில் லேபிள் அச்சடிக்கும் யூனிட் வைத்திருந்தேன். கடன் கழுத்துவரை வந்ததும் யூனிட்டையும் வீட்டையும் விற்று எல்லாக் கணக்கையும் தீர்த்தேன். ஒன்றரை வருடத்துக்கு முன் மனைவியின் ஊருக்கு வந்து ஜெராக்ஸ் கடை போட்டேன். ஒருநாள் ஒரு பெரியவருக்கு பேங்க் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரமே ஊருக்கு நான் ‘மேனேஜர் சார்’. வேலையை உதறிவிட்டு வந்த பேங்க் மேனேஜர் என்று பேசிக்கொள்கிறார்கள். ஆமாம் என்றும் நான் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இங்கே நூலகத்தில் வாசகர் வட்டம் உண்டு. போன மாதம் ஆர். கே. நாராயணின் ‘தி கைடு’ நாவலைப் பேசினோம். ஊரே சாமியார் என்று நம்பிவிடும் ராஜுவின் கதை. ரிட்டையர்டு தலைமையாசிரியர், “பச்சை ஃப்ராடு, இவனுக்கு ஜெயில் பத்தாது” என்றார். தையல் கடை அக்கா, “அவனா சாமியார்னு போர்டு மாட்டுனான்? இவங்களா குடுத்த பட்டம்தானே” என்றார். ஒரு கல்லூரிப் பையன் கடைசியில் மழை பெய்ததா இல்லையா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இப்போது ஒருவர் வயல் விற்ற மூன்று லட்சத்தை எதில் போடலாம் என்று கேட்கிறார். ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லிவிடவா?
— பெயர் வேண்டாம், தாமிரபரணிக் கரையிலிருந்து

பதில்: தம்பி, முதலில் அந்த மூன்று லட்சத்தை முடித்துவிடுவோம். நாவல் 1958-லிருந்து இருக்கிறது, இன்னும் ஐந்து நிமிடம் காத்திருக்கும்.

அவர் கடைக்கு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள். “நான் பேங்க்கில் வேலை பார்த்தவன் இல்லை, தொழில் செய்து நொடித்தவன். பணத்துக்கு வழி சொல்லும் தகுதி எனக்கு இல்லை” என்று திண்ணையிலேயே சொல்லிவிடுங்கள். அறுபது தாண்டியவர் என்றால் தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. விவரத்தை கவுன்ட்டரில் கேட்டுக்கொள்ளட்டும். படிவம் நிரப்ப வந்தால் நிரப்பிக் கொடுங்கள், ஜெராக்ஸுக்கு என்ன உண்டோ அதை வாங்கிக்கொள்ளுங்கள். இது நாளைக்கே நடக்க வேண்டும்.

இப்போது ராஜுவிடம் வருவோம். ஜெயிலிலிருந்து வெளியே வருகிறான். ஊருக்குத் திரும்ப முகமில்லை. ஆற்றங்கரையில் பாழடைந்த கோயில் படியில் உட்கார்ந்திருக்கிறான். வேலன் என்ற கிராமத்தான் வந்து, இரண்டு படி கீழே உட்கார்ந்து, பயபக்தியோடு பார்க்கிறான். அவ்வளவுதான், சாமியார் தயார். வேலனின் தங்கை கல்யாணத்துக்கு மாட்டேன் என்கிறாள். ராஜு யோசித்துச் சொல்கிறேன் என்று இழுக்கிறான். அவளோ தானாகவே சம்மதித்துவிடுகிறாள். பெயர் இவனுக்கு. தையல் அக்கா சொன்னது சரிதான், போர்டை ஊர்தான் மாட்டியது. ஆனால் வாழைப்பழத் தட்டு வர ஆரம்பித்ததும் அதைக் கழற்ற இவனுக்கு மனம் வரவில்லை, தாடி வளர்த்தான். தலைமையாசிரியருக்கு இந்த அளவுக்கு மார்க் போடலாம்.

உங்கள் வயிற்றைப் பிசைந்த இடம் எது என்று நீங்கள் எழுதவில்லை. போண்டாவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சாமியாருக்குப் பழைய ரயில்வே ஸ்டேஷன் போண்டா மேல் ஆசை வந்துவிடுகிறது. உருளைக்கிழங்கு, ஒரு துண்டு வெங்காயம், கொத்தமல்லி இலை, பச்சை மிளகாய். விற்றவன் மண்ணெண்ணெயில் பொரிக்கவும் அஞ்சாதவன், ஆனாலும் என்ன ருசி என்று ராஜு உருகுகிறான். அதே நாட்களில், பஞ்சத்தில் ஊர் அடித்துக்கொள்கிறது என்ற சேதியோடு வேலனின் தம்பி வருகிறான், கொஞ்சம் விளங்காத பையன். அவர்கள் ஒழுங்காகும்வரை நான் சாப்பிட மாட்டேன், போய்ச் சொல் என்கிறான் ராஜு. பையன் கேட்கிறான், எதைச் சாப்பிட மாட்டீர்கள்? ஊருக்குப் போய்ச் சேரும்போது சேதி, மழை பெய்யும்வரை சாமி சாப்பிடாது என்று ஆகியிருக்கிறது. நான் எத்தனை தடவை படித்தாலும் இங்கே சிரித்துவிடுவேன். சிரித்து முடிப்பதற்குள் அந்த ஆள் சாகப்போகிறான் என்பதும் நினைவுக்கு வந்துவிடும்.

அவன் சாக வேண்டும் என்று சொன்னது யார் தெரியுமா? நாராயண் தன் அமெரிக்கப் பயணக் குறிப்பான ‘மை டேட்லெஸ் டைரி’யில் எழுதியிருக்கிறார். லண்டனில் ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீனிடம் கதையைச் சொன்னபோது, நாயகனைப் பிழைக்க விடலாமா வேண்டாமா என்று இவர் தயங்க, கிரீன் சாகத்தான் வேண்டும் என்று அடித்துச் சொல்லிவிட்டாராம். புத்தகம் எழுதும் முன்பே ஒரு வாசகர் தீர்ப்பு எழுதிவிட்டார். உங்கள் கல்லூரிப் பையனிடம் சொல்லுங்கள்: 1965-இல் வந்த இந்திப் படத்தில் மழை கொட்டும். நாவலில் மலையில் மழை பெய்வதாக ராஜு சொல்கிறான், கால் வழியாக ஈரம் ஏறுவதாகச் சொல்கிறான், சாய்கிறான். அதோடு சரி. மழையை அந்தப் பையன் பக்கம் தள்ளிவிட்டு நாராயண் எழுந்து போய்விட்டார்.

ஆனால் உங்களுக்கு வேண்டிய இடம் கடைசிப் பக்கம் இல்லை, அதற்கு முந்தைய ராத்திரி ஒன்று. பட்டினி தலைமேல் வந்து உட்கார்ந்த பிறகு, ராஜு வேலனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டுகிறான். காதலித்த ரோஸி, பணம், கள்ளக் கையெழுத்து, ஜெயில். விடிந்துவிடுகிறது. வேலன் என்ன சொல்கிறான்? இதையெல்லாம் எனக்கு எதற்குச் சொல்கிறீர்கள் என்று தெரியவில்லை சாமி, அடியேனிடம் இவ்வளவு நேரம் பேசினீர்களே என்கிறான்! ராஜுவின் கதைக்கு முதல் வாசகன் வேலன்தான். முழுக்கதையையும் கேட்டான், ஆனால் அவன் காதில் விழுந்தது சாமியாரின் கதை. பொய் சொன்னதைவிட உண்மையை நேரம் கடத்திச் சொன்னதுதான் ராஜுவுக்கு வினையானது என்பேன். ஊர் முழுக்கப் பட்டினியை நம்பி நிற்கும்போது உண்மைக்கு யார் காது கொடுப்பார்கள்?

நீங்கள் ராஜு இல்லை, தம்பி. வீட்டை விற்று, கடன் தந்தவர்களுக்கெல்லாம் திருப்பிக் கொடுத்தவர் நீங்கள், கையெழுத்துப் போட்டு ஏமாற்றியவர் இல்லை. உங்கள் ஊரும் இன்னும் பட்டினி கட்டத்துக்கு வரவில்லை, வாழைப்பழக் கட்டத்தில்தான் இருக்கிறது. ஊரைக் கூட்டவெல்லாம் வேண்டாம். கூட்டினால் அடக்கத்தின் சிகரம் என்று இன்னொரு பட்டம் கட்டிவிடுவார்கள். அந்தத் தையல் அக்காவிடம் ஒரு சாயங்காலம், கடை அடைக்கும் நேரமாகப் பார்த்து, திருப்பூர் கதையைச் சாதாரணமாகச் சொல்லுங்கள். யூனிட்டில் எத்தனை மெஷின் ஓடியது, எந்த மாதம் நின்றது என்று விவரமாகவே சொல்லுங்கள். துணி தைப்பவருக்கு லேபிள் வேலை புரியும். மீதியை அவரே பார்த்துக்கொள்வார், பொழுது விடிவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். சிலர் அப்புறமும் ‘மேனேஜர் சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயில் பழகிய பேர், போகட்டும். மூன்று லட்சத்தோடு வருபவர்களுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் திருத்திச் சொல்லுங்கள்.

வாசகர் வட்டத்துக்குப் போவதை நிறுத்திவிடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் செலவில் போண்டா வாங்கிப் போங்கள். எந்த எண்ணெயில் போட்டது என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.