வெளிர் நிறப் புளியங்கட்டையில் போட்ட கத்திப் பிடி கறுத்துப்போகிறதே, என்ன செய்யலாம்?

கேட்டவர் தொண்டிப் பக்கம். கருங்கோடு ஓடிய வெளிர் புளியங்கட்டையில் மீன் வெட்டும் கத்திக்குப் பிடி போட்டிருக்கிறார். நாலே மாதத்தில் ரிவெட்டைச் சுற்றிச் சாம்பல் பூத்து, மரமும் பொருபொருத்துவிட்டது. படகுக்கு அடிக்கும் பைபர் ரெசினில் ஊறவைத்தால் சரியாகுமா என்கிறார்.

ஆகாது. மண்டபத்தில் எங்கள் பட்டறையில் நானும் அதைச் செய்து பார்த்தேன். அறுத்தால் மேலே காகித கனத்துக்குத்தான் ரெசின், உள்ளே மரம் அப்படியே இருந்தது. அது தேன் மாதிரி கெட்டி. ஹார்டனர் கலந்ததும் கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும், உள்ளே இறங்க அவகாசமே இல்லை. இந்த வேலைக்கென்றே சூட்டில் மட்டும் இறுகுகிற, தண்ணீர் போல மெல்லிய மெத்தாக்ரிலேட் ரெசின் ஆன்லைனில் கிடைக்கிறது. அதைத்தான் வாங்க வேண்டும்.

அந்தக் கருங்கோடு பூஞ்சை போட்டது. ஒரே கட்டையில் இரண்டு பூஞ்சைக் கூட்டம் இறங்கினால் நடுவில் வரப்பு கட்டிக்கொள்ளும். நாம் ரசிப்பது அந்த வரப்பை. சுற்றியுள்ள மரத்தை அவை தின்றிருக்கும். கறிக்கடை முட்டிக்குப் போடுகிற அதே புளியில் நகம் இறங்குவது இதனால்தான். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் மாஸ்க் கட்டாயம் போடுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

நம் ஊரில் எல்லாரும் கோட்டை விடுவது காய வைப்பதில். வெயிலில் ஆறு மாதம் கிடந்த கட்டைகூட இங்கே காய்ந்த கட்டை அல்ல, கடற்காற்று ஈரத்தைத் திரும்ப ஏற்றிவிடும். பிடி அளவுக்கு அறுத்து, ஒரு பழைய ஓடிஜி அடுப்பில் 105 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். சமையலுக்குப் புழங்குகிற அடுப்பு வேண்டாம். நடுநடுவே தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால்தான் ஈரம் போயிற்று. சூடாக இருக்கும்போதே ஜிப் பையில் போட்டு மூடி, அதற்குள்ளேயே ஆறவிடுங்கள். திண்ணையில் ஆறவைத்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

அப்புறம் காற்றுப் புகாத பாத்திரத்தில் அந்த மெல்லிய ரெசினை ஊற்றி, கட்டை மிதக்காதபடி கனம் வைத்து அமுக்கி, ஏசி மெக்கானிக் வைத்திருக்கிற மாதிரி வேக்கும் பம்பால் காற்றை உறிஞ்ச வேண்டும். மணிக்கணக்கில் குமிழி வரும். அது நிற்கவே இல்லையென்றால் கட்டையில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், அந்த வெற்றிடத்தில் தண்ணீர் அறைச் சூட்டிலேயே கொதிக்கும். குமிழி நின்றதும் பம்பை நிறுத்தி, காற்றை உள்ளே விட்டு, இரவு முழுக்க ஊறவிடுங்கள். ரெசின் உள்ளே போவது இந்த நேரத்தில்தான். பிறகு அலுமினியத் தாளில் சுற்றி 95 டிகிரியில் இரண்டு மணி நேரம், காற்றோட்டமான இடத்தில்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் சாம்பல் நிறம் வரலாம். பாம்பனில் வள்ளம் வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு ஒரு கத்தி செய்து கொடுத்தேன். ஐப்பசி மழை முடிவதற்குள் திரும்பக் கொண்டுவந்து, "என்னடா, மரம் துருப்பிடிச்சிருச்சு" என்று நீட்டினார். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் உண்மை. உப்புத்தாள் போட்டபோது பறந்த இரும்புத் தூள் மரத்தின் துளைகளில் உட்கார்ந்து, உப்புக்காற்றில் துருவேறியிருந்தது. மரத்தின் துவர்ப்போடு சேர்ந்த இடமெல்லாம் நீலக்கறுப்பு.

அதனால் இப்போது பிடியை வடிவத்துக்குக் கொண்டுவந்ததும், இரும்பில் தாள் படுவதற்கு முன்பே, தண்ணியான ஃபெவிக்விக் மாதிரிப் பசையை மரம் முழுக்க ஓடவிட்டுத் துளைகளை அடைத்துவிடுகிறேன். அப்புறம் 220, 400, 800 நம்பர் உப்புத்தாள் என்று வரிசையாக, நீளவாக்கில் மட்டும் தேய்க்கிறேன். தூளை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, காற்றடித்து ஊத வேண்டும். பித்தளைத் தூளும் அழுக்காக்கும், ரிவெட் எவர்சில்வராக இருக்கட்டும்.

ஆளி எண்ணெய் பூசினால் வெளிர் மரம் மஞ்சளாகும், தேங்காய் எண்ணெய் காயவே காயாது. மேல் பூச்சுக்கும் அதே பசையை இரண்டு மூன்று மெல்லிய கோட்டாகக் கொடுத்து, வெள்ளை பாலிஷ் மெழுகால் தேயுங்கள். சிவப்பு, பச்சை மெழுகுகளின் நிறம் துளையில் தங்கிவிடும்.

உங்கள் பழைய பிடியைக் கழற்றிவிடுவதே நல்லது. ஆக்சாலிக் அமிலம் கறையை எடுக்கும், ஆனால் பொருபொருத்த மரத்தை அது கெட்டியாக்காது. அதே கட்டையில் மிச்சம் இருந்தால் எறியாமல் இன்றைக்கே நிறுத்து, எடையைப் பென்சிலால் அதன் மேலேயே எழுதி அடுப்பில் வையுங்கள்.