செங்கடலில் ஏவுகணை, திருப்பூரில் வட்டி

போரைப் பற்றிய கேள்விகளை எழுதி அனுப்பும்படி வாசகர்களிடம் கேட்டிருந்தோம். யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டவர்கள் நிறைய. அதற்கு டி.வி. போதும். நம் பக்கத்துக் கணக்குவழக்கோடு வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நாங்க எஃப்.ஓ.பி.லதான் அனுப்புறோம். கப்பல் வாடகை பையர் பாடு. செங்கடல்ல தகராறு வந்தா எங்களுக்கு ஏனுங்க கையைக் கடிக்குது?
*(பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்)*

வாடகை பையர் தலையில் விழுந்தது. நாள் உங்கள் தலையில் விழுந்தது. 2023 நவம்பர் 19-ஆம் தேதி ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் 'கேலக்ஸி லீடர்' கப்பலைப் பிடித்தார்கள். அடுத்த சில வாரங்களிலேயே பெரிய கப்பல் கம்பெனிகள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. ஐரோப்பாவுக்கு 10 முதல் 14 நாள் கூடுதல். காலி கன்டெய்னர் பெட்டி திரும்பி வருவதற்கும் அதே சுற்றுதான். இருக்கிற கப்பல்கள் அதேதான், வருஷத்துக்கு அடிக்கும் நடை குறைந்துபோனது. தூத்துக்குடியில் பெட்டி கிடைக்காமல் நின்றதும், கொழும்பில் தாய்க்கப்பலுக்குக் காத்துக் கிடந்ததும் அதனால்தான்.

40 லட்ச ரூபாய் சரக்கு, கடனுக்கு 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வட்டி 1,096 ரூபாய், 14 நாளுக்கு 15,300 ரூபாய்ச் சொச்சம். இது ஒரு பில்லுக்கு மட்டும். இதைவிடப் பெரிய அடி, வங்கி தந்த கடன் லிமிட் அடைபட்டுப் போவது. நூல்காரரும் சாயப்பட்டறையும் கப்பல் வரட்டும் என்று பொறுக்கமாட்டார்கள். அடுத்த ஆர்டருக்கு நூல் எடுக்கப் பணம் இருக்காது.

எல்லா பில்லும் இப்படி இழுக்காது. பி.எல். (சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ஆவணம்) தேதியிலிருந்து 60 நாள் என்று எழுதியிருந்தால், கப்பல் எங்கே சுற்றினாலும் 61-ஆம் நாள் பணம் கேட்கலாம். 'சரக்கு சேர்ந்த பிறகு' என்றிருந்தால் தாமதம் முழுக்க உங்களுடையது. பணம் கட்டி ஆவணம் எடுக்கும் முறையிலும் இதே கதை, கப்பல் துறைமுகத்தை நெருங்கும்வரை பையர் வங்கிப் பக்கம் தலைகாட்டமாட்டார். எனவே ஆர்டர் ஷீட் வந்ததும் விலைக்கு முன்னால் இந்த வரியைப் பாருங்கள்.

டெலிவரி தேதியையும் பாருங்கள். ஃபார்வர்டரிடம் (சரக்கை அனுப்பிவைக்கும் ஏஜென்ட்) ஒப்படைக்கும் தேதி என்றிருக்கிறதா, அந்த ஊர்க் கிடங்கில் சேரும் தேதி என்றிருக்கிறதா? முதலாவது என்றால் ஒப்படைத்த ரசீதைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். கோடைச் சரக்கு கடலில் கிடக்கிறது, அடுத்த லாட்டில் பாதியை விமானத்தில் அனுப்பு என்று பையர் கேட்கும்போது அந்த ஒரு தாள்தான் பேசும். பையரை விடக்கூடாது என்று கட்டணத்தில் பாதியை ஏற்பது தொழிலின் நெளிவுசுளிவு, குற்றம் சொல்லமாட்டேன். 'இந்த ஒரு தடவைக்கு மட்டும்' என்று மெயிலில் எழுதிவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த சீசனில் அதுவே வழக்கமாகிவிடும்.

மரைன் பாலிசி 'ஆல் ரிஸ்க்' எடுத்திருக்கிறோம். ஏவுகணை பட்டால் பணம் வருமா?
*(வீட்டு உபயோகத் துணி உற்பத்தியாளர், கரூர்)*

வராது. பெயரில்தான் 'ஆல்'. கார்கோ பாலிசியில் மிக விரிவான 'ஏ' பிரிவிலும் போர் விலக்கப்பட்டிருக்கும். போர்ப் பிரிவைத் தனி பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் கப்பலில் ஏற்றியதிலிருந்து இறக்கும்வரைதான் காப்பு. இறக்கத் தாமதமானால், கடைசித் துறைமுகத்துக்குக் கப்பல் வந்த நாளிலிருந்து 15 நாளோடு சரி. தரையில், கிடங்கில் கிடக்கும்போது குண்டு விழுந்தால் இல்லை. ஏழு நாள் நோட்டீஸில் இன்ஷூரன்ஸ் கம்பெனி அந்தப் பிரிவை ரத்து செய்யலாம். அதற்கு முன்பே காப்பு தொடங்கிவிட்ட சரக்கைத் தொட முடியாது என்பதால், கப்பல் கிளம்பும் முன்பே சரக்கு விவரம் சொல்லும் டிக்ளரேஷன் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று 'ஜெனரல் ஆவரேஜ்'. கப்பலில் தீப்பிடித்து, அதைக் காப்பாற்ற ஆன செலவையும், வேண்டுமென்றே விட்டுக்கொடுத்த சரக்கின் நட்டத்தையும் பிழைத்த சரக்குக்காரர்கள் எல்லோரும் பங்கு போட்டுக் கட்டுவது. உங்கள் பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் பங்கு உண்டு. பத்திரமும் உத்தரவாதமும் கொடுக்காமல் பெட்டியை விடமாட்டார்கள். இன்ஷூரன்ஸ் இருந்தால் கம்பெனி உத்தரவாதம் தரும். இல்லையென்றால் ரொக்கம் கட்ட வேண்டும். எஃப்.ஓ.பி. என்றால் அது பையர் கவலைதானே என்று இருந்துவிடாதீர்கள். அவர் ஆவணத்தை எடுக்காமல் நழுவினால் சரக்கு மறுபடி உங்கள் வாசலுக்கே வரும்.

இ.சி.ஜி.சி. (ஏற்றுமதிக் கடனுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) வேறு விஷயம். பையர் பணம் தராவிட்டாலோ, அவர் நாட்டில் போர் மூண்டு பணம் நின்றாலோ அது. கப்பலில் சரக்கு சேதமானால் அது வராது.

உக்ரைன்ல சண்டைக்கு இங்கே பொட்டாஷ் மூட்டை 1,700 ரூபாய் ஆச்சு. யூரியா மட்டும் ஏறலையே?
*(தென்னை விவசாயி, பொள்ளாச்சி)*

நம் நாட்டில் பொட்டாஷ் எடுப்பதில்லை, முழுக்க இறக்குமதி. உலக ஏற்றுமதியில் ஏறக்குறைய 40 சதவீதம் ரஷ்யாவும் பெலாரஸும். பெலாரஸ் பொட்டாஷ் தன் ரயிலில் துறைமுகம் போவதை லிதுவேனியா 2022 பிப்ரவரி 1-ஆம் தேதி நிறுத்தியது. அதே மாதம் 24-ஆம் தேதி போர். யூரியாவுக்கு அரசே விலை வைக்கிறது (45 கிலோ மூட்டை 266.50 ரூபாய்), ஏற்றம் மானியத்துக்குள் போய்விடும். பொட்டாஷுக்கு மானியம்தான் நிலையானது, விலை ஆடும்.

இதனால் வரும் கேடு: மலிவான யூரியாவை வழக்கம்போல் வைத்துவிட்டு பொட்டாஷை மட்டும் நிறுத்துவது. மரத்துக்கு வருஷம் யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கருக்கு 70 மரம் என்றால் பொட்டாஷ் 140 கிலோ, 50 கிலோ மூட்டை 1,700 என்ற விலையில் 4,760 ரூபாய். மிச்சம் பிடித்தால் அந்த வருஷம் ஒன்றும் தெரியாது. பாளை குருத்துக்குள் உருவாகி, காய் முற்றி வெட்டுக்கு வர மூன்றரை வருஷம் ஆகிறது. அடிமட்டை நுனியிலும் ஓரத்திலும் மஞ்சளடிப்பதும், காய் சிறுத்துப் பருப்பு எடை குறைவதும் போர்ச் செய்தி மறந்த பிறகுதான் வரும். அப்போது வண்டின்மீதும் மழையின்மீதும் பழி போடுவோம்.

உரிமட்டை முழுவதையும் நார் மில்லுக்கு ஏற்றினால் பொட்டாஷையும் சேர்த்து விற்கிறீர்கள். ஒரு பங்கையாவது வரிசைகளுக்கு நடுவே குழியெடுத்து, குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மூடுங்கள். மழையில் குவித்து வைக்க வேண்டாம், சத்து கரைந்து ஓடிவிடும்.

கடலை எண்ணெய் நம்மூர் எண்ணெய். 2022-ல் அதுவும் ஏன் ஏறியது?
*(இல்லத்தரசி, காங்கேயம்)*

கருங்கடல் துறைமுகங்கள் மூடிச் சூரியகாந்தி நின்றது. ஏப்ரல் 28-லிருந்து மே 23 வரை இந்தோனேசியா பாமாயிலையும் நிறுத்தியது. வீடும் ஓட்டலும் மிச்சமிருந்த எண்ணெய்க்குத் தாவின. மில்காரர் ஏற்றவில்லை என்று சொல்லமாட்டேன். ஏற்ற இடம் கிடைத்தது.

எங்கள் நூற்பாலையில் பவானிசாகர் இலங்கைத் தமிழர் முகாம் பையன் ஒருத்தன். 1994-ல் இங்கேயே பிறந்தவன். போர் முடிந்து இத்தனை வருஷம் ஆகியும் பாஸ்போர்ட் வாங்க முடியாதா?
*(மில் மேலாளர், புளியம்பட்டி)*

அங்கே 2009 மே மாதம் முடிந்தது. இங்கே பிறந்த தேதியில் நடந்துகொண்டிருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்கு இதன்படி பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022-ல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதற்குப் பின், 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவர்களுக்கு அப்பா, அம்மாவில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். ஆக ஒரே வீட்டில் அக்கா இந்தியர், தம்பி அயல்நாட்டவர். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை.

உங்கள் பையனுக்கு அம்மாவோ அப்பாவோ இந்தியர் என்றால் வழி உண்டு. இருவரும் இலங்கையர் என்றால் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து அந்நாட்டுக் குடியுரிமை கோரலாம். எந்த வழிக்கும் முதலில் பிறப்புச் சான்றிதழ். ஒரு வருஷத்துக்குள் பதியாமல் விட்டிருந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் ஆணை பெற்றுப் பதிய வேண்டும். பெற்றோரின் முகாம் பதிவு அட்டை, இலங்கை அடையாள அட்டை, அவர்களின் பிறப்புச் சான்று எதையும் தொலைக்க விடாதீர்கள். மூன்றாவதாக ஒரு வழியைப் புரோக்கர் சொல்வார், உள்ளூர் முகவரி போட்டு இந்தியர் என்று எழுதி விண்ணப்பிப்பது. பாஸ்போர்ட் சட்டப்படி அது குற்றம். மாட்டினால் புரோக்கர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது, பையன் கையெழுத்துதான் இருக்கும்.