ஓட்டை பெரிதாகிறதா? பிட்டைத் திட்டாதீர்கள்!

இரும்பில் டிரில் போடுவது பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) புலம்பல்தான். அவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறேன்.

கே: இரும்பில் ஓட்டை போட எந்த பிட் நல்லது? (சேலம்)

ப: என்ன இரும்பு, எத்தனை மி.மீ. கனம், கை டிரில்லா, பில்லர் டிரில்லா (தூணில் பொருத்தியது)? ஒன்றையும் எழுதவில்லை. "உடம்பு சரியில்லை, மாத்திரை சொல்லுங்கள்" என்பது போல இருக்கிறது. சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) என்றால் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் போதும். மற்றதற்கு விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கே: 6 மி.மீ. எஸ்.எஸ். பட்டையில் 8 மி.மீ. ஓட்டை. பாதி இறங்கியதும் பிட் நின்றுவிடுகிறது. கோபால்ட் பிட்டும் கருகிவிட்டது. (திருப்பூர், ஓசூர், இன்னும் சிலர்)

ப: வேகம், வேகம், வேகம். எம்.எஸ்.ஸில் 8 மி.மீ. பிட்டை 1,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை ஓட்டலாம். 304 ரக எஸ்.எஸ்.ஸில் 400, மிஞ்சினால் 450. நீங்கள் கை டிரில்லின் ட்ரிகரை முழுக்க அழுத்தி 2,500-க்கு மேல் ஓட்டினால் கோபால்ட் என்ன செய்யும்? எஸ்.எஸ்.ஸுக்கு ஒரு குணம் உண்டு: பிட் வெட்டாமல் உரசினால் அந்த இடமே இறுகிவிடும். பிறகு புது பிட்டும் அதன் மேல் வழுக்கும். அதனால் மெதுவாக ஓட்டி, பலமாக அழுத்துங்கள். வெட்டிய உலோகச் சுருள் நிற்காமல் வர வேண்டும். நடுவில் நிறுத்தி எட்டிப் பார்க்காதீர்கள். பாதியில் நிற்கும் ஓட்டையை மறுபக்கத்திலிருந்து போட்டுப் பாருங்கள். முனை 135 டிகிரி உள்ள எம்35 (கோபால்ட் கலந்த எச்.எஸ்.எஸ்.) பிட்டாக இருக்கட்டும். ஜாப்பை (ஓட்டை போடும் பொருளை) வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) கட்டுங்கள், கையில் பிடிக்காதீர்கள்.

கே: கூலன்ட்டுக்குப் பதில் பச்சைத் தண்ணீர் ஊற்றலாமா?

ப: சூடு தணியும், வழுவழுப்பு கிடைக்காது, மறுநாள் துருப்பிடிக்கும். கை டிரில் என்றால் ஷாக்கும் அடிக்கும். எம்.எஸ்.ஸுக்கு சாலியுபிள் ஆயிலை (தண்ணீரில் கலக்கும் எண்ணெய்) 1-க்கு 20 தண்ணீர் கலந்து பால் மாதிரி ஊற்றுங்கள். எஸ்.எஸ்.ஸுக்குக் கட்டிங் ஆயிலைக் கலக்காமல் விடுங்கள். வீட்டில் எப்போதாவது ஒரு ஓட்டை என்றால் தேங்காய் எண்ணெயே போதும். வார்ப்பிரும்புக்கு எதுவும் வேண்டாம்.

கே: 10 மி.மீ. பிட் போட்டால் ஓட்டை 10.4 வருகிறது. இப்போது வருவதெல்லாம் டூப்ளிகேட். நல்ல பிராண்ட் ஒன்று சொல்லுங்கள். (கோவை)

ப: பிராண்டை மாற்றிப் பயனில்லை. "புதிதில் சரியாக இருந்தது, சாணை பிடித்த பிறகுதான் இப்படி" என்று கடைசி வரியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் கம்பெனிக்காரனை ஏன் திட்டுகிறீர்கள்?

பிட்டின் இரண்டு வெட்டு விளிம்பும் ஒரே நீளம், ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். ஒன்று கால் மி.மீ. நீண்டாலே முனை நடுவை விட்டு விலகும், பிட் அதைச் சுற்றி ஓடும், ஓட்டை பெரிதாகும். அளக்கவே வேண்டாம், சுருளைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுருள் ஏறி வந்தால் சரி. ஒரு பக்கம் நீளச் சுருளும் மறுபக்கம் தூளுமாக வந்தால் ஒரு விளிம்பு சும்மா இருக்கிறது.

சாதாரண பிட்டின் முனைக் கோணம் 118 டிகிரி. கோணம் பார்க்கும் கேஜ் இல்லையா? ஒரே அளவுள்ள இரண்டு அறுகோண நட்டுகளைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டி வையுங்கள். நடுவில் விழும் பள்ளம் 120 டிகிரி, ஏறக்குறைய அதேதான். அதில் முனையை உட்காரவைத்து வெளிச்சத்துக்குக் காட்டினால் கோணல் தெரிந்துவிடும். விளிம்புக்குப் பின்புறம் 10 டிகிரி போலச் சரிய வேண்டும். சரிவே இல்லையென்றால் பிட் உரசும், அதிகமானால் விளிம்பு பெயரும். இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு, இரண்டுக்கும் ஒரே அழுத்தம். சூடேறியதைத் தண்ணீரில் முக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். பாதிக்கு மேல் தேய்ந்த பிட்டில் நடுத்தண்டு தடித்திருக்கும். முனையை இருபுறமும் கொஞ்சம் மெலிய வையுங்கள், இல்லாவிட்டால் தொங்கி அழுத்தினாலும் இறங்காது.

ஐ.டி.ஐ. முடித்து வரும் பையன்களுக்கு சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்) தெரிகிறது, பிட்டுக்குச் சாணை பிடிக்கத் தெரியவில்லை. கேட்டால் "புது பிட் நூறு ரூபாய்தானே சார்" என்கிறார்கள். பல பட்டறைகளில் ஸ்க்ராப் டப்பாவைக் கிளறினால் பாதி நல்ல பிட்தான். மழுங்கியதோடு சரி, அதற்குள் குப்பை. எச்.எஸ்.எஸ். பிட் என்பதே திரும்பத் திரும்பச் சாணை பிடிக்கத்தான் ஐயா!

கே: எம்8 (8 மி.மீ.) மரை போட எத்தனை மி.மீ. பிட்?

ப: 6.8. மரையின் அளவில் பிட்சை (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்) கழியுங்கள், அவ்வளவுதான். எம்6-க்கு 5, எம்10-க்கு 8.5, எம்12-க்கு 10.2.

கே: சைட்டில் 16 மி.மீ. பிளேட், எம்20 போல்ட்டுக்கு நாற்பது ஓட்டை. கேஸ் கட்டரில் ஊதிவிடலாம் என்கிறார் வெல்டர். (திருச்சி)

ப: கூடாது. போல்ட் ஓட்டையைக் கையால் கேஸ் வைத்து வெட்டுவதை ஐ.எஸ். 800 (எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை) அனுமதிப்பதில்லை. தூணின் அடித்தகட்டில், சைட்டில் திருத்தம் செய்ய மட்டும் விலக்கு. எம்20-க்கு 22 மி.மீ. ஓட்டை. மேக்னெட் டிரில்லை (காந்தத்தால் இரும்பில் ஒட்டி நிற்பது) வாடகைக்கு எடுத்து ஆனுலர் கட்டர் போடுங்கள். அது வளையத்தை மட்டும் வெட்டும், நடுவில் காசு மாதிரி ஒரு துண்டு விழும். கீழே ஆள் நிற்க வேண்டாம். பெயின்ட், துருவைச் சுரண்டிவிட்டு மேக்னெட்டை வையுங்கள். கரன்ட் போனால் பிடி விடும், அதனால் சங்கிலி கட்டாமல் ஸ்விட்சில் கை வைக்காதீர்கள்.

கே: 1 மி.மீ. தகட்டில் 20 மி.மீ. ஓட்டை முக்கோணமாக வருகிறது.

ப: சாதாரண பிட் அப்படித்தான் செய்யும். ஸ்டெப் டிரில் (படிப்படியாக அகலமாகும் கூம்பு பிட்) வாங்குங்கள். தகட்டுக்கு அடியில் மரக்கட்டை வைத்து இரண்டு கிளாம்ப் போடுங்கள். கட்டாத தகடு பிட்டில் மாட்டிச் சுற்றினால் விரல் போகும்.

கே: சுவர் பிட்டை ஹேமர் டிரில்லில் போட்டு இரும்பைத் துளைக்கலாமா?

ப: வேண்டாம்.

கே: சுருள் கையைக் கிழிக்கிறது. கிளவுஸ் போட்டால்?

ப: ஓடுகிற டிரில்லில் கிளவுஸ் ஆகவே ஆகாது. பிட் அதன் நூலைப் பிடித்தால் கையையும் இழுக்கும். துண்டும் முழுக்கைச் சட்டையும் அப்படித்தான். மெஷினை நிறுத்திவிட்டு பிரஷ்ஷால் தள்ளுங்கள்.

கே: பெஞ்ச் டிரில் வாங்கப் போகிறேன். எத்தனை வாட்ஸ் பார்க்க வேண்டும்? (மதுரை)

ப: கடைக்காரர் வாட்ஸ்தான் காட்டுவார். நீங்கள் கேட்க வேண்டியது, குறைந்த வேகம் எவ்வளவு என்று. 500 ஆர்.பி.எம்.முக்குக் கீழே இறங்காத மெஷின் எஸ்.எஸ்.ஸுக்கு உதவாது. சக்கில் (பிட்டைப் பிடிக்கும் வாயில்) நேரான ராடு ஒன்றைப் பிடித்துக் கையால் சுற்றிப் பாருங்கள். நுனி ஆடினால் வேறு மெஷின் கேளுங்கள். வைஸ் கூடவே வாங்குங்கள், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" வேண்டாம்.