மலையகத்தில் பஸ்ஸையும் கோச்சியையும் மட்டும் நம்பி, சீட்டுக் குலுக்கி ஜியோகேஷிங் போக முடியுமா?

கேட்டவர் கொழும்பில் இருக்கிறார். சொந்த வாகனம் இல்லை, பஸ்ஸும் கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயிலும்தான். எந்தக் கேஷை (ஒளித்து வைத்திருக்கும் டப்பாவை)த் தேடிப் போவது என்று யோசித்தே பாதி விடுமுறை கரைந்துவிடுகிறதாம். அதனால் இடத்தைக் குலுக்கலுக்கு விட்டுவிடலாமா, மலையகத்தில் அது சரிப்படுமா என்று கேட்டிருக்கிறார்.

சரிப்படும். நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். மூன்று வருடமாக ஞாயிறுகளிலும் போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களிலும் இப்படித்தான் சுற்றுகிறேன். ஆனால் எதைக் குலுக்க வேண்டும் என்பது முதல் வருடம் முழுக்க எனக்குப் பிடிபடவில்லை.

விளையாட்டே தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அது இருக்கும் அகலக்கோடு நெடுங்கோட்டை இணையத்தில் போடுவார். நாம் ஜிபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு தேடிப் போய், உள்ளே இருக்கும் தாளில் பெயரும் திகதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நிறுத்தியது. ஓரிரு நாளில் டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டு ஆள்கூறுகளை வெளியிட்டார். அதுதான் தொடக்கம்.

இனி என் தப்புகள்.

முதலில் தாயக்கட்டை போட்டேன். வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனில் ஏறுவது, இரண்டு கட்டையை உருட்டுவது, கூட்டுத்தொகை எத்தனையோ அத்தனையாவது ஸ்டேஷனில் இறங்குவது. படிப்பிக்கிற பாடம் கணிதம், ஆனாலும் நாலைந்து பயணத்துக்குப் பிறகுதான் உறைத்தது. இரண்டு கட்டையில் 7 விழ 36க்கு 6 வழி இருக்கிறது, 2 விழ ஒரே வழி. ஏழாவது ஸ்டேஷன் மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டும் அளவுக்குப் பழகிவிட்டார். ஒன்றாவது ஸ்டேஷன் வரவே வராது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் ஜியோஹாஷிங் பக்கம் போனேன். 2008இல் ஓர் இணையக் கேலிச்சித்திரத்திலிருந்து கிளம்பிய வேடிக்கை அது. அன்றைய திகதியையும் அமெரிக்கப் பங்குச் சந்தையின் தொடக்க எண்ணையும் சேர்த்து அரைத்தால், ஒரு பாகை அகலம் ஒரு பாகை நீளம் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு புள்ளி விழும். அங்கே போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். கேட்க நன்றாக இருக்கிறதா? நான் இருக்கும் கட்டம் 6 முதல் 7 வடக்கு, 80 முதல் 81 கிழக்கு. ஹட்டனும் நுவரெலியாவும் அதற்குள் இருப்பது போலவே இரத்தினபுரியும் இருக்கிறது, காலிக் கோட்டையும் இருக்கிறது. ஒரு பாகை என்பது கிட்டத்தட்ட 111 கிலோமீற்றர். மலையகத்துக்காரன் ஞாயிற்றுக்கிழமை போய் வருகிற தூரமா அது?

பிறகு, இருக்கிற கேஷ்களையே எண்ணிட்டுக் குலுக்கினேன். இது ஓரளவு நியாயமான வழி. ஐரோப்பாவில் ஒரு நகரத்துக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் கிடக்கும், நம் பக்கத்தில் கேஷ்கள் மிகக் குறைவு. கண்ணை மூடி ஒரு ஊரைத் தொட்டால் அங்கே ஒன்றும் இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். அதனால் கேஷ் உள்ள இடங்களுக்குள் மட்டும் குலுக்குவது புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன்.

அந்த நினைப்போடு போன ஒரு நாள் இதல்கஸ்ஹின்ன வந்தது. அப்புத்தளைக்கு முந்தைய ஸ்டேஷன், மலை முதுகின் மேல் உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கமும் பள்ளம், இரண்டு பக்கமும் காட்சி. திரையில் 600 மீற்றர் என்று காட்டியது. அந்த 600 மீற்றரும் கீழ்நோக்கி இருந்தது. கேஷ் எங்கே என்று நான் சொல்ல மாட்டேன், தேடிப் போகிறவர்களின் விளையாட்டைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம். தேயிலைக்கு நடுவில் குறுக்குப் படி தேடி, ஒரு ஓடையில் முட்டி, திரும்ப ஏறி, மறுபக்கம் இறங்கி, இரண்டு மணி நேரம். புள்ளிக்குப் பக்கத்தில் நின்றபோது மேலே கோச்சி ஊதும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் போக வேண்டிய கோச்சி. தேடினேன், டப்பா கிடைக்கவில்லை. ஏறி வந்தால் அடுத்து வந்தது கடுகதிக் கோச்சி. அந்தச் சின்ன ஸ்டேஷனில் அது ஏன் நிற்கப் போகிறது?

மலையில் ‘கூப்பிடு தூரம்’ என்ற சொல்லுக்கு வேறு பொருள். கூப்பிட்டால் கேட்கும், போய்ச் சேர அரை நாள் ஆகும். தலவாக்கலை ஹட்டன் ரோட்டில் பஸ்ஸில் இருந்தபடியே சென் கிளேயார் அருவியைப் பார்த்திருப்பீர்கள். எதிரே, கை நீட்டினால் தொடலாம் போல. அதன் அடிக்குப் போக எங்கே இறங்கி எந்தத் தோட்டத்து வழியே சுற்ற வேண்டும் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், திரையில் தெரியும் தூரத்தைப் பிறகு நம்பவே மாட்டீர்கள்.

அன்றைக்கு ஸ்டேஷன் வாங்கில் குந்தியிருந்தபோது ஒன்று தெளிவானது. குலுக்க வேண்டியது கேஷை இல்லை, திரும்பி வருகிற பஸ்ஸை. இப்போது என்னிடம் ஒரு பழைய பால்மா டின் இருக்கிறது. அதற்குள் கிடக்கும் சீட்டுகளில் கேஷ் பெயர் எதுவும் இல்லை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வழித்தடம், அதில் கடைசியாகத் திரும்பும் வண்டியின் நேரம், யாரிடம் விசாரித்தேன் என்ற குறிப்பு. தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக டயகம ஒன்று. ஹட்டனிலிருந்து நோர்வூட், பொகவந்தலாவை ஒன்று. மஸ்கெலியா ஒன்று. கோச்சிக்கென்று வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ராதெல்ல, நானுஓயா, அம்பேவெல, பட்டிப்பொல எல்லாம் தனித்தனிச் சீட்டு. திரும்பும் வண்டி உறுதியில்லாத தடம் டின்னுக்குள் போகாது. சீட்டை எடுத்த பிறகுதான் அந்தத் தடத்தில் கேஷ் இருக்கிறதா என்றே பார்ப்பேன். பஸ் ரோட்டிலிருந்தோ ஸ்டேஷனிலிருந்தோ நடந்து ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் போவேன். ஒன்றுமே இல்லையென்றால்? அப்பவும் போவேன். டின் சொன்னால் சொன்னதுதான், அதில் பேரம் கிடையாது. கேஷ் இல்லாத ஊரிலும் பால் விடாத பிளேன்டி இருக்கும்.

நேரத்தை எங்கே விசாரிப்பது? ரயிலுக்கு நேர அட்டவணை உண்டு. அதில் உங்கள் ஸ்டேஷனில் நிற்கும் வண்டி எது என்று மட்டும் கவனமாகப் பாருங்கள். தோட்டத்துப் பக்கம் போகும் பஸ்ஸுக்குப் போகும்போதே கொண்டக்டரிடம் கேட்பதுதான் ஒரே வழி. அதுவும் ‘கடைசி பஸ் எத்தனை மணிக்கு’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘ஞாயிற்றுக்கிழமையும் அது ஓடுமா அண்ணே’ என்று சேர்த்துக் கேட்க வேண்டும். டயகம பக்கம் ஒருநாள் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டேன். ஊருக்குத் திரும்பியது லீக்ஸும் கரட்டும் ஏற்றிய லொறியில், டிரைவர் அண்ணனுக்கும் கிளீனருக்கும் நடுவில். அவர்கள் காசு வாங்கவில்லை. வழி நெடுக ஒரு டப்பாவைத் தேடியா இவ்வளவு தூரம் வந்தேன் என்று சிரித்துக்கொண்டே வந்தார்கள், அதையே கூலியாக வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, போகிற இடத்தின் பெயர். வரைபடத்தில் தோட்டத்துக்கு ஒரு ஸ்கொட்லாந்துப் பெயரோ ஆங்கிலப் பெயரோ இருக்கும். நம் சனம் அதற்கு வைத்திருக்கும் தமிழ்ப் பெயர் முற்றிலும் வேறாக இருக்கும். கொண்டக்டரிடம் வரைபடப் பெயரைச் சொன்னால் முழிப்பார். போனைக் காட்டாமல், கிட்ட உள்ள பக்டரி, கோயில், பாலம் இவற்றைச் சொல்லிக் கேளுங்கள். சரியான இடத்தில் இறக்கிவிடுவார்கள்.

டின் உண்மையில் ஒன்றில்லை, இரண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தைக் கழுவி எடுக்கும். அந்த மாதங்களில் அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைச் சீட்டுகள் உள்ள ஊவா டின்னைத்தான் குலுக்குவேன். பட்டிப்பொல தாண்டி ஒரு சுரங்கம் வரும். இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் அந்தப் பட்டிப்பொலதான், 6,200 அடிக்கு மேல். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் கண்ணாடியில் மழை வழியும், அந்தப் பக்கம் வெளியே வந்தால் வெயில் அடிக்கும். அந்த வழியே போய்ப் பழகியவர்களுக்கு இது பழைய கதை. வருடக் கடைசியில் வடகீழ் மழை ஊவாப் பக்கம் வரும்போது டின்னை மாற்றிக்கொள்வேன். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் போயா வரை சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். அப்போது ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு நிறைய பஸ் ஓடும், மஸ்கெலியாச் சீட்டு வந்தால் திரும்பி வரும் கவலை இல்லை. உட்கார இடம் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இனி, வெளிநாட்டுக்காரர்கள் யாரும் எழுதாத ஒரு சிக்கல். இந்த விளையாட்டில் யார் கண்ணிலும் படாமல் டப்பாவை எடுக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் அது நடக்கிற காரியமா? நமக்கு யாரும் தெரியவில்லை என்றாலும் எதிர் மலையில் கொழுந்து எடுக்கும் முப்பது பேருக்கு நாம் தெரிவோம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலைத் தாண்டினால், “யார் வீட்டுக்கு வந்தீங்க?” என்ற கேள்வி நிச்சயம். சும்மா வந்தேன் என்று சொன்னால் சந்தேகம் கூடும். வெள்ளைக்காரர் ஒருவர் புதருக்குள் குனிந்து எதையோ தேடினால் பூவைப் படம் எடுக்கிறார் என்று விட்டுவிடுவார்கள். நான் குனிந்தால், “எதைத் தொலைச்சீங்க தம்பி?” என்று ஒரு அக்கா கூடையோடு வந்து சேர்ந்து தேடத் தொடங்குவார். ஒருமுறை முனியாண்டி கோயிலுக்குப் பக்கத்தில் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, “சேர், இங்க என்ன செய்றீங்க?” என்று குரல். திரும்பினால் என் பத்தாம் வகுப்புப் பையன். அடுத்த நாள் வகுப்பில் என்ன நடந்திருக்கும் என்று உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

இப்போது நான் ஒளிப்பதில்லை. விளையாட்டு என்று உள்ளதைச் சொல்லிவிடுவேன், தாளையும் காட்டுவேன். கோயில் கல்லில் கை வைக்கும் முன் கேட்பேன். மண்ணைத் தோண்டவே கூடாது. புதைத்து வைக்கக் கூடாது என்பது விளையாட்டின் விதியிலேயே இருக்கிறது, அதனால் தோண்டத் தோன்றினால் நீங்கள் தேடும் இடம் தப்பு. வாட்சர் கேட்டால் எரிச்சல்படாதீர்கள், தோட்டத்துக்குள் யார் வந்து போகிறார்கள் என்று பார்ப்பது அவர் வேலை.

பையில் என்ன கொண்டுபோவது என்று தனிக் கேள்வியே போடலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு பேனை, ஏனென்றால் குளிருக்கும் ஈரத்துக்கும் ஒன்று எழுதாது. அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் தேய்க்க ஒரு துண்டுச் சவர்க்காரம். வீட்டிலேயே வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை, வரைபடத்துக்குத்தான் தேவை, பள்ளத்தில் கவரேஜ் போய்விடும். இலவசக் கணக்கில் எல்லாக் கேஷும் தெரியாது என்பதையும் நினைவில் வைத்திருங்கள். சில, பணம் கட்டிய உறுப்பினருக்கு மட்டும். நான் பார்த்தவரை இங்குள்ள பல டப்பாக்கள் சுற்றுலா வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனவை, மூடி உடைந்து தாள் கூழாகிக் கிடக்கும். கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றே பதிவு போடுங்கள், அடுத்தவருக்கு உதவும்.

கொழும்பிலிருந்து வருவதால் உங்களுக்கு ஒன்று. 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலில் மலையகத்தில் நிறைய இடங்களில் மண் சரிந்தது, ரயில் பாதையும் மோசமாகச் சேதமானது. எதுவரை கோச்சி ஓடுகிறது என்று கிளம்பும் அன்று காலை கேட்டுக்கொண்டு வாருங்கள். மண்சரிவு எச்சரிக்கை விட்ட நாளில் டின்னைத் தொடாதீர்கள். போன வருடம் நடந்த படிப்பாதை இந்த வருடமும் அங்கேயே இருக்கும் என்று நினைத்து இறங்கவும் வேண்டாம். மேலே இருக்கும் லயத்துக்காரர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

ஒரே நாளில் வந்து திரும்ப நினைக்காமல் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஓரிரவு தங்கி, அங்கிருந்து சீட்டு எடுங்கள். உங்கள் டின்னுக்கு ஐந்தாறு தடம் வேண்டுமென்றால் கருத்தில் கேளுங்கள், நேரத்தோடு தருகிறேன். எனக்கு இந்த ஞாயிறு விழுந்திருப்பது இராகலை. நுவரெலியாவில் இறங்கி பஸ் மாற வேண்டும். சீட்டில் இருக்கும் நேரம் போன வருடத்தது, அதனால் அங்கே கடை வைத்திருக்கும் கூட்டாளியிடம் மறுபடி கேட்கச் சொல்லியிருக்கிறேன். அவன் இன்னும் பதில் போடவில்லை.