குழந்தையிடம் வரும் பேச்சு கண்டக்டரிடம் ஏன் வரவில்லை?

அன்புள்ள ஐயா,

சின்ன வயதிலிருந்தே எனக்குத் திக்குவாய். அக்கா குழந்தைக்குக் கதை சொன்னால் ஓர் எழுத்துகூட இடறாது, பாட்டும் தடையில்லாமல் வரும். ஆனால் பஸ்ஸில் கண்டக்டர் வந்து நின்றால் 'பெருந்துறை' வாயில் வராது. எத்தனையோ முறை ஈரோட்டுக்கு டிக்கெட் எடுத்துவிட்டுப் பெருந்துறையில் இறங்கியிருக்கிறேன். "குழந்தைகிட்ட நல்லாத்தானே பேசுறே, மத்தவங்ககிட்ட மட்டும் என்ன?" என்கிறார் அப்பா. இது வெறும் பயம்தானா?

கே.

அன்புள்ள கே.,

இல்லை. பயம் திக்குவாயைக் கூட்டும், ஆனால் அதை உண்டாக்குவதில்லை. பெரும்பாலும் 2 வயதிலிருந்து 5 வயதுக்குள், குழந்தை சொற்களைக் கோத்துப் பேசத் தொடங்கும் காலத்தில் இது வருகிறது; பல குழந்தைகளுக்குத் தானாகவே போய்விடுகிறது, பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரிடம் தங்கிவிடுகிறது. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. பேச்சசைவுகளை நேரம் தவறாமல் தொடங்கிவைக்கும் மூளைப் பாதைகளில் உள்ள வேறுபாடு இது, மனத்திடம் குறைந்ததால் வந்ததில்லை.

அப்புறம் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது? பாட்டில் எந்த எழுத்தை எப்போது தொடங்க வேண்டும் என்பதை மெட்டும் தாளமுமே சொல்லிவிடுகின்றன. பள்ளியில் எல்லோரோடும் சேர்ந்து உறுதிமொழி சொன்னபோதும் உங்களுக்குத் திக்கியிருக்காது என்று நினைக்கிறேன், பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் எரிக் ஜாக்சன் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வில், திக்கிப் பேசும் 24 பெரியவர்களை, யாருமே கேட்கவில்லை என்று நம்பவைத்துத் தனியாகப் பேசவிட்டார்கள். திக்கல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதாவது எதிரே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், நம்மை எடைபோடுகிறார் என்ற உணர்வே பேச்சின் மேல் ஏறும் பெரிய சுமை. அக்கா குழந்தை உங்களை எடைபோடுவதில்லை, அவசரப்படுத்துவதும் இல்லை.

கண்டக்டரிடம் எல்லாம் ஒன்றாக வந்து சேர்கிறது. அவருக்கு அவசரம், சுற்றிலும் ஆட்கள், 'பெருந்துறை'க்குப் பதிலாகப் போட வேறு சொல்லும் கிடையாது. சொந்தப் பெயரைச் சொல்லும்போது பலர் திணறுவதும் இதனால்தான். போனில் இன்னும் மோசம், நாம் முதல் எழுத்தில் நிற்கிற அந்த நொடியில் லைன் கட்டாகிவிட்டதென்று வைத்துவிடுவார்கள். ஒருமுறை மாட்டிக்கொண்ட இடத்துக்கு அடுத்தமுறை போகும் முன்பே தொண்டை இறுகிவிடுகிறது. இதெல்லாம் இல்லாமல், காரணமே தெரியாமல் கூடுகிற நாட்களும் உண்டு.

உங்கள் அப்பா அங்கே முடிந்தது இங்கேயும் முடியும், முயற்சிதான் போதவில்லை என்று நினைக்கிறார். முக்கித் தள்ளத் தள்ள அடைப்பு கூடத்தான் செய்யும் என்பதை அவரிடம் சொல்லுங்கள், இந்தப் பதிலையே படிக்கக் கொடுங்கள். அவர் செய்ய வேண்டியது, உங்கள் சொல்லை அவர் முடித்துவைக்காமல், 'மெதுவா, மெதுவா' என்றும் சொல்லாமல், நீங்கள் சொல்லி முடிக்கும்வரை இயல்பாகக் காத்திருப்பதுதான்.

ஈரோடு டிக்கெட்டில் எனக்குக் கவலை கூடுதல் காசைப் பற்றியல்ல. தப்பித்த ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லின் மேல் பயம் இன்னும் கெட்டிப்படுகிறது. "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்க" என்று முதலிலேயே சொல்லிப் பாருங்கள். மறைக்க எதுவும் இல்லை என்றானதும் பலருக்குப் பாதி இறுக்கம் விட்டுவிடுகிறது. கூடவே ஒரு பேச்சுச் சிகிச்சையாளரை (ஸ்பீச் தெரபிஸ்ட்) பாருங்கள். மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது, அவ்வளவு தூரம் போக முடியாதென்றால் பக்கத்துப் பெரிய மருத்துவமனையில் விசாரியுங்கள். பத்து நாளில் அடியோடு போக்கித் தருகிறேன் என்கிற யாரிடமும் பணம் கட்டாதீர்கள்.