குதிரையும் பிஷப்பும் மட்டும் மிஞ்சினால்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த செஸ் கேள்விகள் சில. கல்லடியில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற அளவில் எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: சேர், என்னிடம் ராஜாவோடு பிஷப்பும் குதிரையும், எதிராளியிடம் வெறும் ராஜா. சுற்றிச் சுற்றித் துரத்தியும், காய் எதுவும் வெட்டுப்படாமலே 50 நகர்வு முடிந்து விதிப்படி சமநிலை. எங்கே பிழை?

வெட்கப்பட ஒன்றுமில்லை தம்பி. அன்னா உஷேனினா பெண்கள் உலகச் சம்பியனாக இருந்தபோதே, 2013இல் ஜெனீவாவில் ஒல்கா கிர்யாவிடம் இதே காய்களை வைத்துக்கொண்டு சமநிலையில்தான் முடித்தார். நானும் ஒரு போட்டியில் கோட்டை விட்டவன்தான்.

காய் எதுவும் உடனே வெட்டுப்படாது என்றால் 33 நகர்வுக்குள் முடியும். ஆனால் பிஷப் ஓடும் நிறத்து மூலையில்தான் மேட்டை, அதாவது ராஜா தப்ப வழியில்லாத முடிவை, கட்டாயப்படுத்தலாம். நீங்கள் மற்ற மூலையில் நின்று மல்லுக்கட்டியிருப்பீர்கள். வெள்ளைக் கட்ட பிஷப் என்றால் கறுப்பு மூலையான எச்8 உதவாது, அங்கிருந்து ஓரமாகவே வெள்ளை மூலையான ஏ8க்குத் தள்ள வேண்டும். அதற்குக் குதிரை போகும் வழி: எஃப்7, ஈ5, டி7, சி5, பி7. ஈ5க்குக் குதிரை வந்ததும் எதிராளி ராஜா ஓரத்தை விட்டுச் சி7 பக்கம் நழுவும். ஐயோ தப்பிவிட்டதே என்று பதறிச் செக் வைக்கத் தொடங்கினால் எல்லாம் போச்சு. உங்கள் ராஜாவை ஈ6இல் வைத்துக்கொண்டு குதிரையை டி7க்கும், எதிராளி ராஜா பி7க்குப் போனதும் பிஷப்பை டி3க்கும் கொண்டுவாருங்கள். அது திரும்ப ஓரத்துக்குத்தான் போக வேண்டும்.

கடைசிப் படத்தை முதலில் அடுக்கிப் பாருங்கள்: ஏ8இல் கறுப்பு ராஜா, பி6இல் உங்கள் ராஜா, ஏ6இல் குதிரை, ஈ4இலிருந்து பிஷப் செக்.

காத்தான்குடியிலிருந்து: நானா, இரண்டு குதிரை இருந்தும் வெல்ல ஏலாதா?

எதிராளி தானாகப் போய் மாட்டினால் மேட் உண்டு, கட்டாயப்படுத்த ஏலாது. ராஜாவை மூலையில் இறுக்கும்போது அதற்கு நகர்வே இல்லாமல் போய் ஆட்டம் சமநிலையாகிவிடும். எதிராளியிடம் ஒரு சிப்பாய் மிஞ்சியிருந்தால்தான் வேடிக்கை. நகர்த்த அது இருப்பதால் சில நிலைகளில் வென்றுவிடலாம்! சிப்பாயை எந்தக் கட்டத்தில் மறித்தால் வெற்றி என்று ரஷ்யாவின் திரொய்ட்ஸ்கி வகுத்துவைத்தார். சில நிலைகளில் 50 நகர்வும் போதாது. பாடசாலைப் போட்டிக்கு இதை மினக்கெட்டுப் படிக்க வேண்டாம் என்பேன்.

கல்முனையிலிருந்து: இரண்டு பிஷப்?

சுகம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்து மூலைவிட்டங்களில் வேலிபோல நிறுத்தி, ராஜாவையும் கூட்டிப் போங்கள். அதிகம் போனால் 19 நகர்வு.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தாய்: மகளிடம் ஒரு சிப்பாய், எதிராளியிடம் ஒற்றைக் குதிரை. மகளின் நேரம் முடிந்ததும் தோல்வி என்றார் நடுவர். ஒற்றைக் குதிரை மேட் செய்யுமா?

நடுவர் சொன்னது சரிதான் அம்மா. எப்படியாவது ஒரு நகர்வு வரிசையில் மேட் வர முடியுமா என்று மட்டுமே சர்வதேச விதி பார்க்கிறது. மூலையில் நிற்கும் ராஜாவின் வழியைச் சொந்தச் சிப்பாயே அடைத்தால் குதிரை மேட் செய்துவிடும். மகளிடம் ராஜா மட்டும் இருந்திருந்தால் சமநிலை. அடுத்த முறை நேரம் போகிறது என்று கண்டால், அந்தச் சிப்பாயைக் குதிரைக்குத் தின்னக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். அரைப் புள்ளியாவது கிடைக்கும்.